லண்டன் தண்ணீரில் ஸ்டவுட் அருமை, பேல் ஏல் மட்டும் துவர்க்கிறது: தண்ணீரா, ஈஸ்டா, கருவியா?

#1 · கதிர்_ஈஸ்ட்ஹாம் · லண்டன்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவை விட்டுவிட்டு, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) நானே ஊறவைத்துச் சாறு எடுக்கும் ஆல்-கிரெய்ன் முறைக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நான் காய்ச்சும் ஸ்டவுட் (வறுத்த பார்லி சேர்ந்த கருநிற பியர்) நன்றாக வருகிறது, நண்பர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதே பாத்திரத்தில் அதே முறையில் காய்ச்சும் வெளிர்நிறப் பேல் ஏல் மட்டும் மந்தமாக இருக்கிறது. முதல் மடக்கில் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) மணக்கிறது, விழுங்கிய பிறகு கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் நாக்கோரத்தில் ஒரு துவர்ப்பு நிற்கிறது.

செய்முறை இது: மாரிஸ் ஆட்டர் என்ற வெளிறிய மால்ட் 4.2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். 30 லிட்டர் கூல் பாக்ஸில் 12 லிட்டர் தண்ணீர் ஊற்றி 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறல், அதாவது மாஷ். பிறகு 18 லிட்டர் வெந்நீரை மெதுவாகத் தெளித்து, தானியத்தில் மிஞ்சிய சர்க்கரையை அலசி வடிப்பது, அதாவது ஸ்பார்ஜ். ஒரு மணி நேரக் கொதி, செம்புச் சுருளால் குளிர்விப்பு, முடிவில் 20 லிட்டர். உலர் ஈஸ்ட் எஸ்-04 ஒரு பாக்கெட் போட்டு வாளியில் நொதிக்க விடுகிறேன். வாளி சமையலறை மூலையில் இருக்கும். தண்ணீர் நேராகக் குழாயிலிருந்து.

இப்போது மாஷ், கொதி இரண்டையும் ஒரே பாத்திரத்தில் செய்யும் எலெக்ட்ரிக் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். சூடு துல்லியமாக நிற்கும், பம்ப் இருக்கிறது, முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் ஸ்பார்ஜ் வேலையும் இல்லை. இதனால் துவர்ப்பு போகுமா? இல்லை, திரவ ஈஸ்டுக்கு மாறினால் போகுமா?

#2 · நிலவறை_நாதன் · ஸ்கார்பரோ, டொராண்டோ

தம்பி, மெஷினைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மாஷ் சூட்டில் பிழை என்றால் ஸ்டவுட்டும் கெட்டிருக்கும். சுத்தத்தில் பிழை என்றால் இரண்டுமே புளித்திருக்கும். கருக வறுத்த தானியம் இருக்கும்போது சரியாகி, வெளிறிய மால்ட் மட்டும் இருக்கும்போது கெடுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது தண்ணீரின் காரத்தன்மையை.

உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளிலும் இதே படிவுதான். கால்சியமும் பைகார்பனேட்டும் நிறைந்த தண்ணீர். அந்தப் பைகார்பனேட் மாஷில் உருவாகும் அமிலத்தை அடித்துவிடும், பி.ஹெச் இறங்காமல் மேலேயே நிற்கும். வறுத்த பார்லி தன்னிடமுள்ள அமிலத்தால் அதைச் சமன் செய்துவிடுகிறது. மாரிஸ் ஆட்டருக்கு அந்த வலு இல்லை.

லண்டனின் கருநிற போர்ட்டர் பியரும் டப்ளின் ஸ்டவுட்டும் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் வளர்ந்தவை. செக் நாட்டின் பில்சன் ஊரில் 1842-இல் யோசஃப் க்ரோல் பில்ஸ்னர் என்ற பொன்னிற லாகரை (குளிரில் நொதிக்கவைக்கும் பியர்) காய்ச்சியது ஏறக்குறைய உப்பே இல்லாத தண்ணீரில். இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் கிணறுகளில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) நிறைந்திருந்ததால்தான் அங்கே ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல் எடுபட்டது. உங்கள் குழாயில் வருவது போர்ட்டர் தண்ணீர், தம்பி. அதில் பேல் ஏல் காய்ச்ச வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைத் திருத்த வேண்டும்.

உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து தேம்ஸ் வாட்டர் தளத்தில் அறிக்கையை எடுங்கள். காரத்தன்மை அதில் இல்லையென்றால் மீன்தொட்டிக் கடையில் சொட்டுச் சோதனைக் கிட் கிடைக்கும். எண்கள் வந்த பிறகு பேசுவோம்.

#3 · மீனா_மெல்பர்ன் · மெல்பர்ன்

நாதன் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் மெஷினை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கூல் பாக்ஸ், மூன்று பாத்திரம், கேஸ் அடுப்பு என்று இருந்தபோது ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இப்போது இரவே தண்ணீரை ஊற்றி டைமர் வைத்துவிட்டால் விடியும்போது மாஷுக்குத் தயாராக இருக்கிறது. 52-இல் தொடங்கி 66, பிறகு 76 என்று படிப்படியாகச் சூடேற்றுவதெல்லாம் கூல் பாக்ஸில் பெரும்பாடு. காய்ச்சுவதற்கே நேரம் கிடைக்காதவருக்கு நேரத்தை மிச்சம் செய்யும் கருவிதான் முதல் தேவை.

அதுவும் வேண்டாமென்றால் பை முறை இருக்கிறது. ஒரே பாத்திரம், அதற்குள் நைலான் பை, மாஷ் முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிட்டு அப்படியே கொதிக்க வைப்பது. ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சுநர்கள் பரப்பிய முறை. கொதித்த வோர்ட்டை (மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) சுடச்சுட எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனில் விளிம்புவரை நிரப்பி மூடி, தானாக ஆறவிடும் வழக்கமும் இங்கேதான் வேர் பிடித்தது. வறட்சிக் காலத்தில் குளிர்விப்பானுக்கு அத்தனை தண்ணீரை யார் கொட்டுவது? வோர்ட் வெகுநேரம் சூடாகவே கிடப்பதால் கடைசியில் போடும் ஹாப்ஸ் கூடுதல் கசப்பைத் தரும். அந்தக் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறியதும் அடுத்த நாளே ஈஸ்ட் போட்டுவிடுங்கள். ஈஸ்ட் போடாத வோர்ட்டை வாரக்கணக்கில் கேனில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன், அதன் பி.ஹெச்சில் ஆபத்தான கிருமிகள் வளர இடமிருக்கிறது.

#4 · கதிர்_ஈஸ்ட்ஹாம் · லண்டன்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. எண்கள் இதோ. அறிக்கையில் லிட்டருக்குக் கால்சியம் 108 மி.கி., மொத்தக் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 290. மக்னீசியம் 5. காரத்தன்மை அறிக்கையில் இல்லை. மீன்தொட்டிக் கிட்டில் பார்த்தபோது லிட்டருக்கு 4.4 மில்லி ஈக்விவலண்ட். பி.ஹெச் மீட்டரும் ஒன்று வாங்கிவிட்டேன். மாதிரிக்கு அதே தானியக் கலவையைச் சின்னப் பாத்திரத்தில், அதே விகிதத்தில் மாஷ் செய்து பார்த்தேன். 15 நிமிடம் கழித்து எடுத்து ஆறவைத்து அளந்ததில் 5.8.

#5 · நிலவறை_நாதன் · ஸ்கார்பரோ, டொராண்டோ

ஆறவைத்து அளந்தீர்களே, அதுவே பெரிய காரியம். கன பேர் 66 டிகிரி வோர்ட்டிலேயே மீட்டரை விடுகிறார்கள். சூட்டில் உண்மையான பி.ஹெச்சே ஏறத்தாழ 0.3 குறைவாக இருக்கும், மீட்டரின் முனையும் சீக்கிரம் செத்துவிடும். நாம் இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் அறை வெப்பத்துக்கு. மாஷ் 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இருக்க வேண்டும், பேல் ஏலுக்கு 5.3 அல்லது 5.4 வந்தால் எனக்குத் திருப்தி.

இப்போது கணக்கு. 4.4-ஐ 50-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட் கணக்கில் 220. இதுதான் காரத்தன்மை. மால்ட்டில் உள்ள பாஸ்பேட்டோடு கால்சியமும் மக்னீசியமும் வினைபுரிந்து அமிலத்தை வெளிவிடும், அதனால் காரத்தன்மையில் ஒரு பகுதி தானாகவே அடிபட்டுப் போகும். மிச்சம் எவ்வளவு என்பதற்கு ஜெர்மன் ஆய்வாளர் கோல்பாக் 1953-இல் ஒரு வழி தந்தார்: கால்சியத்தை 1.4-ஆல் வகுத்தும் மக்னீசியத்தை 1.7-ஆல் வகுத்தும் காரத்தன்மையிலிருந்து கழியுங்கள். 220-இலிருந்து 77, அப்புறம் 3. மிச்சக் காரத்தன்மை 140. ஸ்டவுட்டுக்கு இது நல்ல எண். பேல் ஏலுக்கு இது பூச்சியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும்.

5.8 மாஷில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், அதில் பெரிய நட்டம் இல்லை. துவர்ப்பு பெரும்பாலும் ஸ்பார்ஜில் வருகிறது. மாஷில் இருக்கும் சர்க்கரை வடிய வடிய மால்ட்டின் சமன் செய்யும் வலு குறைகிறது. மேலே ஊற்றுவதோ 220 காரத்தன்மையுள்ள 18 லிட்டர். கடைசியில் வடியும் வோர்ட்டின் பி.ஹெச் 6-ஐத் தாண்டும், அப்போது உமியிலிருந்து துவர்ப்பான டானின் இறங்கும். அடுத்த முறை கடைசி வடிப்பை அளந்து பாருங்கள். கிராவிட்டி (வோர்ட்டின் அடர்த்தி) 1.010-க்குக் கீழே போனாலோ பி.ஹெச் 5.8-ஐத் தாண்டினாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஆகவே அமிலத்தை மாஷ் தண்ணீரில் மட்டும் போட்டால் போதாது, 30 லிட்டரும் திருந்த வேண்டும். உங்களுக்கு மூன்று வழி.

ஒன்று, கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிவை மட்டும் எடுப்பது. பழைய வழி, வேலை செய்யும், ஆனால் எரிபொருளும் நேரமும் போகும், கால்சியமும் படிவோடு போய்விடும். இரண்டாவது, பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர். காரத்தன்மை 110, கால்சியம் 54 ஆகும். மீதியை 88 சதவீத லாக்டிக் அமிலம் சுமார் 4 மில்லியில் 30-க்கு இறக்கலாம். ஆர்.ஓ. இல்லாமல் முழுவதையும் லாக்டிக்கால் இறக்கினால் 10 மில்லிக்கு அருகே வேண்டும், அது நாக்கில் தெரியத் தொடங்கும் அளவு. மூன்றாவது, உங்கள் நாட்டுக் கடைகளில் விற்கும் சி.ஆர்.எஸ். ஹைட்ரோகுளோரிக், சல்பூரிக் அமிலங்களின் கலவை. லிட்டருக்கு 1 மில்லி போட்டால் காரத்தன்மை சுமார் 183 இறங்கும், கூடவே சல்பேட் 87-உம் குளோரைடு 64-உம் ஏறும். உங்களுக்கு 30 லிட்டருக்கு 31 மில்லி. தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை, அதனால் நான் லண்டனில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நன்றாகக் கலக்கி, குமிழ் அடங்கவிட்டு, மறுபடி சொட்டுக் கிட்டால் அளந்து 30 பக்கம் வந்ததா என்று பாருங்கள்.

அதன்மேல் ஜிப்சம் 3 கிராம் போதும். 10 லிட்டரில் 1 கிராம் ஜிப்சம் போட்டால் கால்சியம் 23, சல்பேட் 56 கூடும். 30 லிட்டரில் 3 கிராம் என்பதும் அதே விகிதம்தான். சி.ஆர்.எஸ். தந்ததோடு சேர்த்தால் சல்பேட் 150-ஐத் தொட்டுவிடும், ஹாப்ஸின் கசப்பு பளிச்சென்று உலர்ந்து முடியும். பர்ட்டனின் பழைய கிணற்று எண்களைப் பார்த்து 600, 700 சல்பேட்டுக்குப் போகாதீர்கள். அப்படிக் காய்ச்சியதைக் குடித்திருக்கிறேன், சுண்ணாம்புச் சுவர்போல் வறண்டிருந்தது.

கிருமி நீக்கத்துக்குச் சேர்க்கும் குளோரமைனையும் மறக்க வேண்டாம். லண்டனிலும் டொராண்டோவிலும் தண்ணீரில் அது உண்டு. இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் அசையாது. 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. இதை விட்டால் மால்ட்டின் பீனாலோடு சேர்ந்து மருத்துவமனை வாடை அடிக்கும், அதுவும் மிகச் சொற்ப அளவிலேயே.

#6 · கோவைக்காரன் · கோயம்புத்தூர்

அருமையான இழை. நான் கோவையில் இருக்கிறேன், சிறுவாணித் தண்ணீர் மிக மென்மையானது. அதை வைத்து வீட்டில் 10 லிட்டர் பில்ஸ்னர் முயன்று பார்க்கலாமா?

#7 · நெறியாளர்

கோவைக்காரன் அவர்களுக்கு: வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்தத் தேவைக்கு என்றாலும். பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை நொதித்த மதுவைச் செய்யலாம். எங்கிருந்தாலும் விற்பதும் சாராயம் வடிப்பதும் வேறு கதை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொடருங்கள்.

#8 · மீனா_மெல்பர்ன் · மெல்பர்ன்

நாதன் அண்ணா, ஸ்பார்ஜ்தான் காரணம் என்றால் கதிர் கேட்ட மெஷின் சரியான தீர்வு ஆகிவிடுகிறதே. முழுத் தண்ணீரையும் மாஷிலேயே ஊற்றி, ஸ்பார்ஜே இல்லாமல் செய்தால் டானினும் இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன், துவர்ப்பு வந்ததே இல்லை.

#9 · நிலவறை_நாதன் · ஸ்கார்பரோ, டொராண்டோ

உங்களுக்கு வராது மீனா, மெல்பர்ன் தண்ணீர் மழைநீர்போல மென்மையானது. கதிருக்கு நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று சொல்கிறேன், கருவி வாங்கும்போது பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம் இதுதான்.

இப்போது அவர் 4.5 கிலோ தானியத்துக்கு 12 லிட்டர் ஊற்றுகிறார், கிலோவுக்கு 2.7 லிட்டர். முழு 30 லிட்டரையும் ஒரேயடியாக ஊற்றினால் கிலோவுக்கு 6.7 லிட்டர். தானியம் அதே 4.5 கிலோதான், ஆனால் அது சமாளிக்க வேண்டிய பைகார்பனேட் இரண்டரை மடங்கு. இப்போது 5.8 நிற்கும் மாஷ் அப்போது 6-ஐத் தாண்டிவிடும். ஸ்பார்ஜின் கடைசியில் மட்டும் இருந்த சிக்கல் மாஷ் முழுக்கப் பரவும். விலை உயர்ந்த மெஷினில், துல்லியமான 66 டிகிரியில், முன்பைவிட மோசமான பேல் ஏல் வரும்.

தண்ணீரைத் திருத்திவிட்டால் மெஷின் வாங்கலாம், தடையில்லை. அப்போதும் தானியத்துக்கும் தண்ணீருக்குமான விகிதம் மாறும்போதெல்லாம் அமிலக் கணக்கையும் மாற்ற வேண்டும். அடுத்தவருடைய தண்ணீர்க் கணக்கை அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். அவர் பாத்திரம் வேறு.

#10 · மீனா_மெல்பர்ன் · மெல்பர்ன்

இது சரியான வாதம். என் தண்ணீரில் இது கண்ணிலேயே படாது. இங்கே சிக்கல் தலைகீழ், கால்சியமே இல்லை. 50 மி.கி. வரை ஏற்றாவிட்டால் ஈஸ்ட் அடியில் இறுகப் படியாது, பியர் தெளிய நாளாகும். அதற்காக ஒவ்வொரு முறையும் கால்சியம் குளோரைடு போடுகிறேன்.

மின்சாரத்தையும் கதிர் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வரை இழுக்கலாம். நாதன் அண்ணா ஊரில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட், 15 ஆம்பியர்தானே?

#11 · நிலவறை_நாதன் · ஸ்கார்பரோ, டொராண்டோ

ஓம், அதுதான். தொடர்ந்து எரிய 1500 வாட்தான் நம்பலாம். 27 லிட்டரை 66-இலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற, சூடு வெளியே போகாது என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம். லண்டனில் 3 கிலோவாட்டில் பாதி நேரம். இங்கே மெஷின் வாங்குகிறவர்கள் 240 வோல்ட் மாடலா, அதற்கு வீட்டில் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புரோப்பேன் அடுப்பை நிலவறைக்குள் கொண்டுபோவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளை எழும்பவிடாது. வெளியே, கூரைக்கு அப்பால் வைத்து எரியுங்கள், பனி கொட்டினாலும்.

#12 · பிரியா_லீட்ஸ் · லீட்ஸ்

தண்ணீரைப் பற்றி நல்ல பேச்சு, ஆனால் கதிர் சொன்ன இன்னொரு வரியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள்: "வாளி சமையலறை மூலையில் இருக்கும்." எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். அறை 21 டிகிரி என்றால் வாளிக்குள் 24, 25 ஆகிவிடும். எஸ்-04 அந்தச் சூட்டில் பழவாடையும் காரமான ஆல்கஹாலும் கூட்டும். ஸ்டவுட்டின் வறுத்த சுவை அதை மறைத்துவிடும். பேல் ஏலில் மறைய இடமில்லை. துவர்ப்பு தண்ணீரால் என்பதை நான் மறுக்கவில்லை. "மந்தமாக இருக்கிறது" என்று நீங்கள் சொன்னதில் ஒரு பங்கு இந்தச் சூட்டுக்கும் இருக்கும்.

முதல் மூன்று நாள்தான் முக்கியம். சுவை தரும் பொருள்களில் பெரும்பகுதி ஈஸ்ட் பெருகும் அந்த நேரத்தில் உருவாகிறது. 18 டிகிரியில் தொடங்கி மூன்று நாள் அங்கேயே பிடித்து வைத்து, பிறகு 20, 21-க்கு ஏறவிடுங்கள். கடைசியில் கொஞ்சம் சூடு இருந்தால் டைஅசிட்டைலை ஈஸ்டே தின்றுவிடும், வெண்ணெய் வாடை நிற்காது. இதற்கு மெஷின் வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, அதில் ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, அதன் உணரியை வாளியின் பக்கத்தில் ஒட்டி மேலே பஞ்சு வைத்துக் கட்டுங்கள். உணரி ஃப்ரிட்ஜின் காற்றை அளந்தால் பயனில்லை.

திரவ ஈஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்குத் தேவையில்லை. ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளாட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரை அளவு) 7.5 லட்சம் செல் என்பது வழக்கமான கணக்கு. 20 லிட்டர், 12 பிளாட்டோ என்றால் 18,000 கோடி செல் வேண்டும். திரவ ஈஸ்ட் நாளாக ஆகச் சாகும். ஸ்டார்டர் செய்து பெருக்காமல் பழைய பாக்கெட்டை அப்படியே போட்டால் பாதிகூட இருக்காது. உலர் ஈஸ்டில் 100 லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் என்று ஈஸ்ட் தயாரிக்கும் ஃபெர்மென்டிஸ் சொல்கிறது. உங்கள் 11.5 கிராம் பாக்கெட் 20 லிட்டருக்கு அந்த வரம்புக்குள் வந்துவிடும். உலர்த்தும் முன்பே அதற்குத் தேவையான ஸ்டெரால் ஏற்றப்பட்டிருப்பதால் வோர்ட்டில் ஆக்சிஜன் ஏற்றுவதும் அவ்வளவு அவசியமில்லை. பெல்ஜிய வகைகளுக்குப் போகும்போது திரவ ஈஸ்டைப் பார்க்கலாம், அங்கே வகைகள் அதிகம்.

பேல் ஏலுக்கு எஸ்-04-ஐ விட யு.எஸ்-05 சுத்தமான சுவை தரும். ஆனால் இந்த முறை மாற்றாதீர்கள். தண்ணீர், சூடு, ஈஸ்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

#13 · சிராங்கூன்_செல்வா · சிங்கப்பூர்

பிரியா சொல்வதை இங்கிருந்து முழு மனதோடு ஆமோதிக்கிறேன். எங்கள் குழாய்த் தண்ணீரே 28 டிகிரிக்கு மேல். எவ்வளவு நீளச் செம்புச் சுருள் போட்டாலும் வோர்ட் 32-க்குக் கீழே இறங்காது. ஐஸ் வாளிக்குள் பம்ப் வைத்து அந்தத் தண்ணீரைச் சுற்றவிட்டால்தான் மேற்கொண்டு இறங்கும். 18 டிகிரி என்பது ஃப்ரிட்ஜ் இல்லாமல் நடக்காத காரியம்.

ஃப்ரிட்ஜுக்கு இடமில்லாத அடுக்குமாடிவாசிகளுக்கு க்வெய்க் இருக்கிறது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உலர்த்திக் காப்பாற்றிய ஈஸ்ட். வோஸ் வகையை 35, 38 டிகிரியில் போட்டாலும் நாற்றம் இல்லை, மெல்லிய ஆரஞ்சு மணம்தான். இது தனி மரபுக் குழு என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். மூன்று நான்கு நாளில் வேலையை முடித்துவிடும்.

இரண்டு விஷயம் கவனம். இதற்குச் சத்து அதிகம் வேண்டும். கிராவிட்டி குறைந்த வோர்ட்டில் ஈஸ்ட் நியூட்ரியண்ட் போடாவிட்டால் பாதியில் நின்றுவிடும். அப்புறம், 22 டிகிரி குளிரில் வைத்துவிட்டு "ஏன் மெதுவாகப் போகிறது" என்று கேட்கக் கூடாது, இதற்குச் சூடு வேண்டும். பியரின் பி.ஹெச்சையும் இது சற்றுக் கீழே இறக்கும். அதனால் மாஷை 5.2-க்கு இறக்கினால் பியரில் புளிப்பு தட்டும். நான் 5.4-இல் நிறுத்துகிறேன். ஈஸ்டும் தண்ணீரும் இப்படித்தான் கைகோத்து வரும்.

#14 · கதிர்_ஈஸ்ட்ஹாம் · லண்டன்

அப்படியே செய்துவிட்டேன். ஈஸ்டையும் செய்முறையையும் மாற்றவில்லை. 30 லிட்டருக்கு அரை கேம்ப்டன், 31 மில்லி சி.ஆர்.எஸ்., 3 கிராம் ஜிப்சம். காரத்தன்மை 220-இலிருந்து 35-க்கு வந்தது. மாஷ் பி.ஹெச் 5.4. கடைசி வடிப்பு 1.012 கிராவிட்டியில் 5.6 காட்டியது.

பிரியா அக்கா சொன்னதையும் விடவில்லை, ஆனால் கலந்து குழப்பவில்லை. வோர்ட்டை இரண்டாகப் பிரித்தேன். 10 லிட்டர் பழையபடி சமையலறையில். மீதி 10 லிட்டர் வீட்டுக்காரர் கொடுத்த பழைய ஃப்ரிட்ஜில், கட்டுப்பாட்டுக் கருவியோடு 18 டிகிரியில். இரண்டிலும் துவர்ப்பு இல்லை. அந்த ஒரு மாற்றமே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சமையலறை வாளியில் வாழைப்பழ வாடை எட்டிப் பார்க்கிறது, குடித்தபின் நெஞ்சில் லேசான சூடு. ஃப்ரிட்ஜில் இருந்ததில் மால்ட்டும் ஹாப்ஸும் தனித்தனியாகத் தெரிகின்றன.

ஒரு சந்தேகம். ஸ்டவுட்டுக்கும் இதே சி.ஆர்.எஸ். போடலாமா? அப்புறம், லண்டனில் இருந்துகொண்டு பில்ஸ்னர் ஆசைப்படலாமா?

#15 · நிலவறை_நாதன் · ஸ்கார்பரோ, டொராண்டோ

வடிவாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. ஒரே வோர்ட்டை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது நூறு பேர் சொல்வதைவிடப் பெறுமதி.

ஸ்டவுட்டுக்கு சி.ஆர்.எஸ். போடாதீர்கள். வறுத்த பார்லி இறக்கும் அமிலத்துக்கு எதிரே அந்த பைகார்பனேட் நிற்கத்தான் வேண்டும். எடுத்துவிட்டால் பி.ஹெச் 5.2-க்குக் கீழே போய், கரிந்த காப்பிபோல் உறைப்பாக வரும். கேம்ப்டன் மட்டும் போடுங்கள். ஸ்பார்ஜ் தண்ணீரில் பாதியளவு அமிலம் சேர்த்துப் பார்க்கலாம், அதுவும் கடைசி வடிப்பை அளந்த பிறகு.

பில்ஸ்னருக்குக் குழாய்த் தண்ணீரை விட்டுவிடுங்கள். முழுக்க ஆர்.ஓ., 30 லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் குளோரைடு. கால்சியம் 27, குளோரைடு 48 கிடைக்கும். அவ்வளவே போதும், பில்சன் தண்ணீரில் கால்சியம் 10 மி.கி.கூட இல்லை. மாஷ் பி.ஹெச்சை லாக்டிக் சில மில்லியில் சரிசெய்யலாம். பில்ஸ்னர் மால்ட் என்றால் மூடாமல் 90 நிமிடம் கொதிக்கட்டும், இல்லாவிட்டால் வேகவைத்த சோளத்தின் வாடை தங்கிவிடும்.

#16 · பிரியா_லீட்ஸ் · லீட்ஸ்

ஈஸ்ட் டபிள்யூ-34/70. லாகருக்கு ஏலைவிட இரண்டு மடங்கு செல் வேண்டும், ஆகவே 20 லிட்டருக்கு இரண்டு பாக்கெட். 12 டிகிரியில் தொடங்குங்கள். கிராவிட்டி முக்கால்வாசி இறங்கியதும் 16-க்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, பிறகு குளிரவையுங்கள். ஃப்ரிட்ஜ் இருப்பதால் இது இப்போது உங்களால் முடியும்.

#17 · கதிர்_ஈஸ்ட்ஹாம் · லண்டன்

மெஷினை இந்த ஆண்டு வாங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இன்னொரு சின்ன ஃப்ரிட்ஜ் வைக்க இடம் இருக்கிறது. ஒன்றில் பில்ஸ்னர் குளிரும்போது மற்றதில் ஏல் ஓடும். மீனா அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

#18 · மீனா_மெல்பர்ன் · மெல்பர்ன்

கோபமெல்லாம் இல்லை. குழந்தை பிறந்த பிறகு டைமரைப் பற்றி என்னிடம் கேட்பீர்கள். வாங்கும்போது எத்தனை லிட்டர் மாஷ், எத்தனை லிட்டர் ஸ்பார்ஜ் என்று இங்கே எழுதுங்கள், சி.ஆர்.எஸ். அளவைத் திரும்பக் கணக்கிட்டுத் தருகிறோம். அதுவரை ஒவ்வொரு முறையும் காய்ச்சும் முன் சொட்டுக் கிட்டால் ஒரு தடவை அளந்துவிடுங்கள். குழாயில் வருவது எப்போதும் 220-தான் என்று இருக்காது. எந்த நீர்த்தேக்கத்திலிருந்து அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.